என் மனைவிக்கு ஒரு பக்கம்

எங்கள் இணையதளத்தில் அதிகம் பேர் படிக்கும் பக்கம் என்னைப் பற்றியது. பெயர் இருக்காது. 'கள்ளக்குறிச்சியில் வசிக்கும் ஓர் ஆண், இடுப்புக்குக் கீழே செயல் இல்லை' என்று ஆரம்பிக்கும். எழுதியதும் நான்தான். பிசியோதெரபி படித்துவிட்டு ஊரார் கைகால்களை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தவன், கரியாலூரிலிருந்து இறங்கும் மலைப்பாதையில் பைக்கோடு உருண்டு, நானே பாடமாகிப்போனேன். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு இன்னும் வரவில்லை.

இணையதளத்தை மூன்று பேர் நடத்துகிறோம். ஓய்வுபெற்ற எலும்பு டாக்டர் ஒருவர், மாற்றுத்திறன் குழந்தைகளுக்குப் பாடம் நடத்தும் டீச்சர் ஒருவர், நான். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம், எடுத்துத் தங்கள் வகுப்பில் சொல்லிக்கொடுக்கலாம். உடல் இயலாமையைப் பதிவுசெய்ய உலகம் முழுக்கப் புழங்கும் ஒரு வகைப்பாட்டைத் தமிழில் விளக்குவதுதான் எங்கள் வேலை. ஒருவருக்கு என்ன நோய் என்று கேட்பதோடு அது நிற்காது. அவரால் குளிக்க முடிகிறதா, சந்தைக்குப் போக முடிகிறதா, அவரைச் சுற்றி எது கைகொடுக்கிறது, எது குறுக்கே நிற்கிறது என்றெல்லாம் கேட்கும். சுற்றி இருப்பவற்றை எழுத இரண்டு கட்டங்கள் உண்டு. ஒன்று துணை, இன்னொன்று தடை. கூட வாழும் மனிதர்களையும் அதில்தான் எழுத வேண்டும்.

என் பக்கத்தில் தடைக் கட்டம் நிரம்பி வழியும். குளியலறை நிலைப்படி, பஸ் படிக்கட்டு, பேங்க் மாடி. துணைக் கட்டத்தில் சக்கர நாற்காலி, அதற்குக் கீழே 'மனைவி'. முழுத் துணை என்று போட்டிருப்பேன். அவள் நைனார்பாளையத்தில் கரும்புக் கட்டு தூக்கி வளர்ந்தவள். என் அக்குளில் இரண்டு கையையும் கொடுத்து, முட்டியால் என் முட்டியை அணைத்து, ஒரே மூச்சில் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றிவிடுவாள். அந்தப் பிடியைச் சொல்லிக்கொடுத்தவன் நான். அதை வீடியோ எடுத்தும் போட்டோம். பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள்.

போன மழைக்காலத் தொடக்கத்தில், சுகாதாரப் பணியாளர்களுக்கு ஒரு வகுப்பு எடுக்கக் கரியாலூர் போனோம். வகுப்பு முடியும்போது சாரல் போட ஆரம்பித்திருந்தது. அவள் என்னை ஜீப்பில் ஏற்றினாள். தூக்கும்போது அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் இல்லீங்க. கால் வழுக்கிச்சி."

மலை இறங்கி முடியும்வரை முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தாள். வளைவு வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டாள். வீட்டு வாசலில் வண்டி நின்றபோது அவளால் இறங்க முடியவில்லை. டிரைவர் முதலில் அவளை இறக்கிவிட்டு, பிறகு என்னை இறக்கினார்.

ஸ்கேன் படத்தை எங்கள் டாக்டரே பார்த்தார். முதுகெலும்பில் ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. இனிமேல் பாரம் தூக்கினால் காலே விழுந்துவிடலாம் என்று அவளிடம் சொன்னார். அவள் தலையாட்டினாள். எனக்குப் பயம் வந்தது. இதே மாதிரிப் படத்தை எத்தனையோ பேருக்கு விளக்கியவன் நான், அதனால் பயம் இன்னும் கூடத்தான் செய்தது.

கொஞ்ச நாள் ஜீப் டிரைவரும் பக்கத்து வீட்டுக்காரரும் மாறி மாறி வந்து என்னைத் தூக்கினார்கள். அவர்களுக்கும் பிழைப்பு இருக்கிறது. ஒருநாள் காலையில் அவள் இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு கட்டிலருகே வந்து நின்றாள். வேண்டாம் என்றேன்.

"அப்ப யாரு வருவா? ஈரத்துலயே படுத்துக்கினு இருப்பீங்களா?"

அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டேன். அன்றிலிருந்து மறுபடியும் அவள்தான் தூக்குகிறாள்.

முதுகுவலிக்கு ஓர் உதாரணப் பக்கம் வேண்டும் என்று டீச்சர் வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் கூட்டம் எப்போதும் என் வீட்டில்தான். அன்று அவள் டீ கொண்டு வந்தாள், ஒரு கை தட்டில், ஒரு கை இடுப்பில்.

"அக்கா, உங்களையே எழுதிடலாமா? பேரு போட மாட்டோம்" என்றார் டீச்சர்.

"எழுதிக்கோங்க டீச்சர். நாலு பேருக்கு ஆவும்னா எழுதுங்க."

டாக்டர் கேட்கக் கேட்க நான் லேப்டாப்பில் அடித்தேன். கீழே உட்கார்ந்தால் எழ முடியவில்லை. துணி துவைக்கக் குனிய முடியவில்லை. படுத்தால் திரும்பிப் படுக்க முடியவில்லை. பக்கத்திலேயே படுத்திருக்கும் எனக்கும் இதெல்லாம் புதுச் செய்தி.

"எதத் தூக்கும்போதும்மா வலி ஜாஸ்தியா இருக்கு?" என்று டாக்டர் கேட்டார்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. கையில் இருந்த தட்டையே பார்த்தாள்.

"அரிசி மூட்ட சார். அத்த தூக்கசொல்லதான் ஜாஸ்தி."

எங்கள் வீட்டில் அரிசி மூட்டையே கிடையாது. கடைக்காரர் சின்னப் பையில் கொண்டுவந்து, டப்பாவில் கொட்டிக்கொடுத்துவிட்டுப் போவார். டாக்டருக்கும் தெரியும், டீச்சருக்கும் தெரியும். ஆனாலும் டாக்டர், "அரிசி மூட்டைன்னே எழுதுங்க" என்று மெல்லச் சொன்னார்.

தடைக் கட்டத்தில் அரிசி மூட்டை என்று அடித்தேன். கோபம் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. இந்த வகைப்பாட்டை மலைமேல் போய்க்கூடச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தவன், என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பொய்யை எழுதுவதா. அடித்ததை அழித்தேன். 'கணவர்' என்று எழுதினேன். எந்த அளவு என்று படிவம் கேட்டது. முழுத் தடை என்று போட்டேன்.

டீச்சர் எட்டிப் பார்த்தார். "அண்ணா, கணவர தடையில போட்டுட்டீங்க. துணையிலதான வரணும்?"

"இல்லம்மா. சரியாத்தான் இருக்கு."

"இன்னா போட்டிருக்காரு?" என்று அவள் கேட்டாள்.

டீச்சர் என்னை ஒருமுறை பார்த்தார். "அரிசி மூட்டைன்னுதான்க்கா" என்றார்.

அவர்கள் கிளம்பிப் போன பிறகு, விளக்கு வைக்கும் நேரத்தில், என்னைக் கட்டிலுக்கு மாற்ற அவள் வந்தாள். பெல்ட்டை இறுக்கிக்கொண்டு குனிந்தாள்.

"கெட்டியா புடிச்சிக்கோங்க" என்றாள்.

பிடித்துக்கொண்டேன்.