வியர்த்த உப்பு

காலை ஆறரை மணிக்கு உப்புச் சட்டி வியர்த்திருந்தது. சித்திரை மாதம், சட்டி உப்பு விரலிடுக்கில் மணல்போல உதிரவேண்டிய நாட்கள். அன்று அது ஈரமாகக் கையில் ஒட்டியது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகள். எனக்குப் பத்து வயது. ரங்கூனில் போட்டாதாங் ஆற்றங்கரையோரம் எங்கள் குடிசை. மரக்காணத்து உப்பளத்தில் வேலை செய்துவிட்டு வந்த அப்பா, இங்கே கோ தெய்ன் என்ற பர்மியரோடு "சம்பான்" படகில் முகத்துவாரம் நோக்கிப் போய் மீன் பிடிப்பார். அதை அம்மா உப்பிட்டுக் கருவாடாக்கி விற்பாள்.

வாசலில் ஒரு திறந்த சட்டியில் எப்போதும் உப்பு இருக்கும். கோடையில் அது கசிந்தால் கடலிலிருந்து கெட்ட காற்று வருகிறது என்று பொருள். அப்பா படகை எடுக்கமாட்டார்.

"என்ன, உங்க உப்பு உத்தரவு குடுத்தாச்சா?" என்று அம்மா கேலி செய்வாள்.

"சிரி, சிரி. சோழராஜா காலத்துலேர்ந்து எங்க ஆளுங்க உப்பைத் தொட்டுப் பாத்துட்டுத்தான் கடல்ல எறங்கறாங்க" என்பார் அப்பா.

காலையில் சட்டியைப் பார்த்துச் சொல்வது என் வேலை. அதில் "ஈரக்கை" படக்கூடாது என்பது ஒன்றே கட்டளை.

அன்று விடிந்ததும் ஒரு மாங்காயைக் கழுவி, அந்தக் கையாலேயே சட்டியிலிருந்து உப்பைக் கிள்ளித் தொட்டுத் தின்றிருந்தேன். ஆறரைக்கு அப்பா, "பாப்பா, உப்பைப் பாரு" என்று கூப்பிட, போய்ப் பார்த்தால் சட்டி முழுதும் ஈரம். என் கைதான் கெடுத்துவிட்டது என்று நினைத்தேன். அடிக்குப் பயந்து, மேலே இருந்ததை வழித்தெறிந்துவிட்டு, உள்ளே மூடிவைத்திருந்த ஜாடியிலிருந்து காய்ந்த உப்பை அள்ளிப் பரப்பினேன். இரண்டு விரல் பட்டு ஒரு சட்டி உப்பு நனையுமா? அந்தக் கேள்வி அப்போது எழவில்லை. அதற்குப் பிறகு எழாத நாளில்லை.

"காஞ்சிருக்குப்பா" என்றேன். அப்பா தொட்டுப் பார்த்து, என் தலையில் செல்லமாகத் தட்டிவிட்டுப் போனார். பிற்பகலில் எழுந்த காற்றும் மழையும் எதிர்க்கரையை மறைத்துவிட்டன.

இன்று அந்தக் கரையில் கருவாட்டுப் பந்தல்கள் இல்லை. புயலை வானொலி சொல்லிவிடுகிறது. உப்பு மூடிபோட்ட புட்டியில் இருக்கிறது. ஆசிரியையான என் மகள் தினமும் படகில் எதிர்க்கரை டலாவுக்குப் போகிறாள். அவள் கிளம்புமுன் நான் புட்டியைத் திறந்து உப்பைத் தொட்டுப் பார்க்கிறேன். "காலங்காத்தால அதுல என்னம்மா தேடற?" என்று சிரிக்கிறாள். அன்று நான் உப்பை மாற்றியதை அவளிடம் சொன்னதில்லை. என் அம்மாவிடமும், அவள் கண்மூடும்வரை சொல்லவில்லை.

அப்பா கடலுக்குப் போன மூன்றாம் நாள் கோ தெய்ன் மட்டும் வந்தார். வாசலில், அந்தச் சட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அம்மாவை அவர் "அமா" என்பார், பர்மியத்தில் அக்கா. அப்பாவிடம் கற்ற தமிழில் அவர் சொன்னது இவ்வளவுதான்:

"மேகம் கறுத்ததும் திரும்பலாம்னு சொன்னேன், அமா. அண்ணன் சிரிச்சார். 'பாப்பா பாத்திருக்கா, உப்பு காஞ்சிருக்கு'ன்னார்."