துணிக்கடைக் கண்ணாடி

சிங்கப்பூரின் பொங்கோலில் ஒரு தொடக்கப்பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் சம்சுன்னிசாவின் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. திரையில் புகைப்படம் விழுந்ததும் முதலில் கண்ணில் பட்டதைச் சொல்ல வேண்டும்; அப்புறம்தான் ‘அதனால்’ போட்டு மனதில் பட்டதைச் சொல்லலாம். வாய்க்கு வந்ததை அளக்கிற பிள்ளைகளிடம், “அது எங்க தெரியுது? தொட்டுக் காட்டு” என்பார். படத்தில் இல்லாத பூனையை அங்கே யாரும் வளர்க்க முடியாது.

படங்களெல்லாம் அவர் கணவர் நூர்தீன் எடுத்தவை. தேக்கா சந்தையில் மீன் வெட்டுபவர், ஃபேரர் பார்க்கில் காற்றோடு குடைக்காக மல்லுக்கட்டும் ஆள். ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்கப் போனால், “இது உன் பிள்ளைங்களுக்கு ஆகும் சம்சு” என்று போனைத் தூக்கிவிடுவார். கூடப் போனவர் கால் கடுக்க நிற்க வேண்டியதுதான்.

ஊரையே படம்பிடித்த மனிதர் தன்னைப் பிடிக்க மட்டும் விட்டதில்லை. “குடுங்க, உங்கள ஒண்ணு எடுக்கிறேன்” என்றால், “என் மூஞ்சி யாருக்கு வேணும் லா” என்று நழுவிவிடுவார். போன வருடம் திடீரென்று மௌத்தாகிவிட்டார். வீட்டில் மிஞ்சியது கல்யாணப் படமும் பாஸ்போர்ட்டுக்கு எடுத்த கடப்பிதழ்ப் படமும்தான். இரண்டிலும் பல்வலிக்காரர் மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கிறார். எந்நேரமும் சிரித்துக்கொண்டிருந்த மனிதரா இது? சம்சுன்னிசாவுக்கு மனசே ஆறவில்லை. அந்தச் சிரிப்பு தன் நினைவிலும் மங்கி வருகிறதே என்ற பயம் வேறு. “எனக்கு வேணும்ங்க” என்று இப்போது பதில் சொல்கிறார், கேட்க ஆளில்லாத வீட்டில்.

ஒரு நாள் வகுப்பில் திரையில் போட்டது சிராங்கூன் சாலைத் துணிக்கடை ஒன்றின் படம். போனில் எத்தனையோ தரம் பார்த்ததுதான். பெரிய திரையில் அதுவே முதல்முறை.

“டீச்சர், இது நீங்கதானே? முதுகு தெரியுது!” என்றாள் ரக்ஷனா.

“ரெண்டு கையிலயும் துப்பட்டா இருக்கு. அதனால, எதை எடுக்கறதுன்னு டீச்சருக்குத் தெரியல” என்றான் ஃபஹத். பிள்ளைகளோடு சேர்ந்து அவரும் சிரித்தார்.

ரக்ஷனா திரைக்கே போய் மூலையில் விரல் வைத்தாள். “இங்க ஒரு மிரர் இருக்கு டீச்சர். உள்ள ஒரு அங்கிள்.”

“அங்க யாரும் இல்லம்மா” என்று சொல்லிக்கொண்டே கிட்டப் போனார். தொங்கும் துணிகளுக்கு நடுவே கையகலக் கண்ணாடி. அதில் நீலக் கோடு போட்ட சட்டை. வீட்டு அலமாரியில் இன்னும் மடித்து வைத்திருக்கும் அதே சட்டை. ஆனால் தூக்கிப் பிடித்த போன் முகத்தை மறைத்திருந்தது. கிடைத்தும் கிடைக்காமல் போயிற்றே.

“முகம் தெரியலயே” என்றார்.

“ஆனா சிரிக்கிறார் டீச்சர்.”

“அது எங்க தெரியுது?” குரல் கொஞ்சம் கடுமையாகவே வந்தது.

ரக்ஷனா பயப்படவில்லை. தொட்டுக் காட்டினாள். “போனுக்குப் பக்கத்துல. கன்னம் மேல ஏறியிருக்கு, கண்ணோரம் சுருங்கியிருக்கு. அதனால சிரிக்கிறார்.”

ஆமாம். அந்தக் கன்னம்தான். சிரிப்பு வந்தால் முதலில் அதுதான் ஏறும். இதையா மறக்கப் பார்த்தோம் என்று அவருக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

“எதப் பார்த்துச் சிரிக்கிறார்?” என்று பின்வரிசையில் ஒரு குரல்.

“வேற யாரு? டீச்சரப் பார்த்துதான் லா!” என்றான் ஃபஹத்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. சம்சுன்னிசா திரையிலிருந்து திரும்பவில்லை.

“முழு வாக்கியமா சொல்லு ஃபஹத்.”

அவன் எழுந்து நின்று, தேர்வில் சொல்வதுபோல் நிறுத்திச் சொன்னான். “அவர் எங்கள் ஆசிரியரைப் பார்த்துச் சிரிக்கிறார்.”

“இன்னொரு தடவை சொல்லு” என்றார்.