தேசம்மா அக்கா கழற்றி வைத்த டிஸ்க்

செய்தி ரயிலில் வந்தது. ஆரம்பாக்கத்தில் ஏறி, பொன்னேரியை நெருங்கிக்கொண்டிருந்தேன். தேசம்மா அக்காவின் தங்கை முனியம்மா போனில் அழுதார். "சுமதி, அக்கா பூட்ச்சி. காலையில டீ குட்ச்சிட்டு நெஞ்சு அடைக்குதுன்னுச்சி. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே முடிஞ்சிடுச்சி." தினமும் வேலைக்குப் போகும் அதே பழவேற்காடு பஸ்ஸில் ஏறி, அன்றைக்கு அவர் சாவுக்குப் போனேன்.

நம் மீனவர் சங்கத்தில் எல்லாருக்கும் தெரிந்ததை மறைக்க வேண்டியதில்லை. கடைசி ஒரு மாதமாக அக்காவும் நானும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. மனுக்களை எழுதுவது என் வேலை. குப்பம் குப்பமாகப் போய் ஆட்களைப் பேசவைத்து, வீடியோவில் படம் பிடித்து, தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் சேர்த்து வைப்பது அவர் வேலை. எங்களுக்குள் நடந்த சண்டை அந்தக் கம்ப்யூட்டரைப் பற்றியதுதான்.

மழைக்காலத்தில் அது ஒரேயடியாகப் படுத்துவிட்டது. மதர்போர்டு முழுக்கத் துரு. "நம்ம ஊர்ல லீவே போடாம வேலை பாக்கறது உப்புக்காத்து ஒண்ணுதான்" என்றார் அக்கா. பொன்னேரிக் கடைக்காரர் புது மதர்போர்டும் புது டிஸ்க்கும் போட்டு, பழைய டிஸ்க்கையும் கூடவே மாட்டி, ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தார். "எந்த டிஸ்க்குனு பாத்துத் தட்டுங்க. மாத்தித் தட்டினா பழசுல இருக்கறது எல்லாம் போயிடும்" என்று எச்சரித்தும் அனுப்பினார்.

பழைய டிஸ்க்கில்தான் எங்கள் ஊர்களின் பேச்செல்லாம் இருந்தது. ஏரியின் முகத்துவாரம் அடைபட்டது, தண்ணீர் மாறியது, இறால் குறைந்தது, துறைமுகத்தை விரிவாக்கினால் என்ன ஆகும் என்ற பயம் எல்லாம். ஆரம்பிப்பதற்கு முன்பே அக்கா கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டைத் திறந்து பழைய டிஸ்க்கின் வயர்களைப் பிடுங்கினார். "பாத்துத்தானே தட்டப்போறோம்?" என்றேன். "கண்ணு ஒரு நேரம் போல ஒரு நேரம் இருக்காது" என்று சொல்லி, அதைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். புதுப் படகுக்கு வைப்பது போலப் பெட்டிக்கு முன்னால் எலுமிச்சம்பழமும் வைத்தார். திரையில் சதவீதம் ஏற ஆரம்பித்ததும், எப்போது முடியும் என்று கேட்டுவிட்டேன். "கடலுக்குப் போறவனப் பின்னால கூப்ட்டு எங்க போறேன்னு கேப்பியா? வாய மூடிக்கினு உக்காரு" என்று அதட்டினார். பாதியில் கரண்ட் போனது. எனக்கு உயிரே போய்விட்டது. அக்கா மடியைத் தட்டிக் காட்டினார். "இது இங்க கீது. நீ போய் டீ போடு." கரண்ட் வந்த பிறகு முதலிலிருந்து ஆரம்பித்தோம். நாங்கள் சேர்ந்து சிரித்த கடைசி நாள் அதுதான்.

எல்லாம் முடிந்து பழைய டிஸ்க்கை மறுபடி மாட்டியதும், துறைமுக விரிவாக்கத்தை எதிர்த்து நாம் போட்ட வழக்கைப் பார்க்கும் வக்கீலுக்கு எல்லாவற்றையும் காப்பி எடுத்துவிடலாம் என்றேன். அக்கா தலையாட்டவில்லை. "அன்னிக்குப் பேசினவங்கள்ல பாதிப் பேரு வூட்டுப் புள்ளைங்க இப்ப துறைமுகத்துலதான் வேலைக்குப் போவுதுங்க. அவங்களக் கேக்காம எப்படிக் குடுப்பே?" என்றார். எங்கள் ஏரியில் மீன் பிடிக்கும் இடத்தை முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். இன்று யாருடைய பாடோ அவர் வலைதான் அங்கே இறங்கும். "பேச்சும் அப்படித்தான். பேசினவங்க ஒவ்வொருத்தரா வந்து பாக்கட்டும். வைன்னா வைக்கிறேன், அழின்னா அழிக்கிறேன்" என்றார்.

அப்படியே வந்தார்கள். ஒரு பெண் தன் கலைந்த தலையைப் பார்த்துச் சிரித்து, இருக்கட்டும் என்றார். இன்னொருவர் பாதி பார்த்துவிட்டு எழுந்து நின்று, "வேணாங்க்கா, எடுத்துடு" என்றார். அக்கா அவர் கண்ணெதிரிலேயே அழித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கேஸு தோத்துப்போனா யாருக்கா பதில் சொல்றது?"

"தோக்கட்டும். அவங்க வாய்ப்பேச்ச அவங்களுக்கே தெரியாம நான் கொண்டுபோய்க் குடுக்க மாட்டேன்."

இது பிடிவாதம், நல்லது அல்ல என்று அன்று சொன்னேன். இன்றும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

எங்களிடம் இருந்ததில் மிக முக்கியமானது ஏழுமலை அண்ணனின் பேச்சு. ஏரிக்குள் நின்று, முன்பு இடுப்பளவு இருந்த தண்ணீர் இப்போது முட்டிக்கு வந்துவிட்டதைத் தன் உடம்பிலேயே காட்டியிருப்பார். அவருடைய மகனும் இப்போது துறைமுகத்தில்தான் வேலை செய்கிறான். அண்ணன் மட்டும் வரவே இல்லை. கூப்பிடும்போதெல்லாம் நாளைக்கு என்றார். நான் அக்காவை நெருக்கினேன். அவர் காத்திருந்தார், காத்திருந்தபடியே போய்விட்டார்.

காரியம் முடிந்ததும் முனியம்மா என்னைக் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார வைத்தார். பாஸ்வேர்டு கிடையாது. சிஸ்டம் போட்ட அன்று அது கேட்டபோது, "வர்றவங்க வூட்டுக்குப் பூட்டு எதுக்கு?" என்று அக்கா காலியாகவே விட்டிருந்தார். அடுத்த வாரம் வழக்கு வருகிறது. வக்கீல் இரண்டு முறை போன் செய்துவிட்டார். ஏழுமலை அண்ணனின் படம் திரையில் இருந்தது, காப்பி எடுக்கப் பென் டிரைவ் என் கையில் இருந்தது. தடுக்க ஆள் இல்லை. அக்காவின் மேல் அப்போது வந்த கோபம் உயிரோடு இருந்தபோதுகூட வந்ததில்லை. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு அண்ணன் வீட்டுக்கு நடந்தேன்.

அவர் வாசலில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இன்னா, அந்தம்மா வேலைய நீ எடுத்துக்கினியா?"

"ஆமாண்ணே. உங்க படத்தப் பத்திக் கேக்க வந்தேன்."

"அந்தம்மா இருந்திருந்தா ஒரு நாளு வந்து சொல்லியிருப்பேன். அது சொன்னா சொன்னபடி செய்யும்." கையிலிருந்த ஊசி நின்றது. "நான் அழின்னா நீ அழிப்பியா? உன் கேஸு போனாலும் அழிப்பியா?"

அவர் காத்திருந்தார். என் இடத்தில் அக்கா இருந்திருந்தால் ஒரு நொடிகூட யோசித்திருக்க மாட்டார்.

"அழிப்பேண்ணே."

"அப்ப நாளைக்கு வர்றேன்" என்றார். இந்த முறை என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

அக்காவை அறிந்த உங்களிடம் சொல்கிறேன். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு டிஸ்க்கும், அவர் இடத்தில் நின்று நான் கொடுத்த அந்த வாக்கும்தான். வை என்று அண்ணன் சொல்ல வேண்டுமே என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. அவருக்காக நாற்காலியைத் துடைத்துப் போட்டிருக்கிறேன். எலுமிச்சம்பழமும் வைத்திருக்கிறேன். என்ன சொல்லப்போகிறீர்கள் என்று மட்டும் அண்ணனிடம் கேட்க மாட்டேன்.