சத்தம் எந்தப் பக்கம்?

போன வியாழக்கிழமை மாலை நான்கு பத்துக்குக் கைப்பேசி மேசைமேல் அதிர்ந்து, பக்கத்தில் இருந்த தேநீர்க் கோப்பையின் கரண்டியைக் கிணுகிணுவென்று ஆட்டியது. இவ்வளவு சின்னச் சத்தம் இன்னும் காதில் நிற்கக் காரணம், எடுத்ததும் அம்மா சொன்ன வார்த்தைதான்.

"ஒங்கப்பாவக் காணோம்லா."

ரொட்டி வாங்கப் போகிறேன் என்று இரண்டு மணிக்குக் கிளம்பியவர். ரொட்டிக் கடை கிள்ளானில் எங்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடை. என் பதினாறு வயது மகள் எங்கே இருக்கிறாள் என்று அடிக்கடி பார்த்துக்கொள்வதற்காக நான் வைத்திருக்கும் செயலியில் அப்பாவையும் சேர்த்திருந்தேன். அது அவர் சமர்த்தாகக் கட்டிலில் படுத்திருப்பதாகக் காட்டியது. கைப்பேசி தலையணைக்கு அடியில் இருந்திருக்கிறது.

தலைநகரின் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் என் அலுவலகத்திலிருந்து கிளம்பி நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டபோது என் பயமெல்லாம் ஒன்றைத்தான் சுற்றியது. எங்கள் ஊரில் கார் பழுது பார்ப்பவரைப் 'போர்மேன்' என்போம். முப்பத்தெட்டு ஆண்டு போர்மேனாக இருந்த அப்பாவின் பட்டறையை, அவர் எண்ணெயில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்ட பிறகு, நச்சரித்து நச்சரித்து மூடவைத்தது நான். "சரி, மூடிடலாம்" என்று அவர் அவ்வளவு லேசாகச் சொன்னதை என் வெற்றி என்றே எடுத்துக்கொண்டேன். மூடி இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில், கைப்பேசி உறை விற்கும் கடையாகிவிட்ட அதே இடத்தின் முன் பழைய சாவியோடு நின்றிருந்தாராம். "தெறக்க மாட்டேங்குது பாப்பா" என்று என்னிடம் சிரித்தார். வேடிக்கைக்குச் சொன்னாரா, மறதி நோய் வந்துவிட்டதா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அன்றிலிருந்து எனக்கு நல்ல தூக்கம் இல்லை.

நெரிசலில் என் மின்சாரக் கார் மூச்சுக் காட்டாமல் நின்றது. அதில் முதன்முதலாக அப்பாவை ஏற்றிய நாளில், "ஸ்டார்ட் பண்ணு, போகலாம்" என்றார். "ஓடிக்கிட்டுதான்பா இருக்கு" என்றேன். கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுல கேக்க என்னா இருக்கு?" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கேட்பதுதான் அவருடைய தொழில். ஓர் ஊர்க் கார்களின் சத்தத்தையெல்லாம் கேட்டு வளர்ந்தவள் நானும். ஏதாவது 'கடகட' என்கிறது, 'டொக்டொக்' என்கிறது என்று காரைக் கொண்டுவருவார்கள். பட்டறை வாசலுக்கு வந்ததும் அந்தச் சத்தம் போன இடம் தெரியாது. "வெளக்கமெல்லாம் வேணாம், ஓட்டிப் பாத்துடலாம்" என்பார் அப்பா. ஓட்டுகிறவருக்குச் சத்தம் வருவது தெரியுமே தவிர, எந்தச் சக்கரத்தில் என்று தெரியாது. அதற்கு, காரின் பின்பக்கம் ஒரு காது வேண்டும். எட்டு வயதிலிருந்து அந்தக் காது என்னுடையது. பள்ளிச் சீருடையோடு பின்னிருக்கையில் படுத்து, கன்னத்தை இருக்கையில் பதித்துக்கொள்வேன். பக்கத்து ஊரான காப்பாருக்குப் போகும் சாலையில் லோரிகள் பறித்துவைத்த குழிகளாகத் தேடித் தேடி அப்பா இறக்குவார். வாயைத் திறக்கக் கூடாது, பேச்சு சத்தத்தை மறைத்துவிடும் என்பது சட்டம். இடது பக்கம் கேட்டால் இடது கை, வலது பக்கம் கேட்டால் வலது கை; தூக்கினால் அவர் கண்ணாடியில் பார்த்துக்கொள்வார்.

எங்களுக்குச் சொந்தமாகக் கார் கிடையாது. ஆனாலும் நாளுக்கு ஒரு காரில் என்னைப் பார்த்த வகுப்புத் தோழிகள் என்னைப் பெரிய பணக்காரி என்று நம்பினார்கள், நானும் மறுக்கவில்லை. ஒரு காரில் திருநீறும் மல்லிகையும், ஒன்றில் கருவாடு, ஒன்றில் குழந்தை கக்கிய பால் என்று, கண்ணை மூடிக்கொண்டே யார் வீட்டு இருக்கை என்று சொல்லிவிடுவேன்.

அப்படி ஒரு மதியம், காப்பாரில் மளிகைக் கடை வைத்திருந்த அங்கிள் ஒருவருடைய கார் வந்தது. ஒரு மணி நேரம் சுற்றியும் அது வாயைத் திறக்கவில்லை. வெயில், மல்லிப் பொடி வாசனை, மெத்தென்ற இருக்கை. நான் தூங்கி, இருக்கைக்கும் முன்னிருக்கைக்கும் நடுவில் சரிந்துவிட்டேன். பட்டறைக்குத் திரும்பிய அப்பா, நான் இறங்கி, பட்டறையின் பின்புறம் அப்போது நாங்கள் குடியிருந்த வீட்டுக்குள் ஓடிவிட்டேன் என்று நினைத்தார். வீட்டில் இருந்த அம்மா, நான் அப்பாவோடு இருக்கிறேன் என்று நினைத்தார். "ஒண்ணும் இல்ல, சும்மா ஓட்டுங்க" என்று அப்பா சாவியைக் கொடுக்க, அங்கிள் என்னையும் சேர்த்து ஓட்டிக்கொண்டு காப்பாருக்குப் போய்விட்டார்.

அங்கே மூட்டையை ஏற்றுவதற்குப் பின்கதவைத் திறந்த அவர் மனைவி போட்ட கூச்சலில்தான் விழித்தேன். கையில் ஒரு பிஸ்கட் பொட்டலத்தைத் திணித்து, உடனே திரும்ப அனுப்பினார்கள். பாதி வழியில் 'டொக்' என்றது. பழக்க தோஷத்தில் வலது கையைத் தூக்கினேன். கண்ணாடியில் பார்த்த அங்கிள் பதறிப்போய், "என்னம்மா, ஒண்ணுக்கு வருதா?" என்றார். மறுபடியும் 'டொக்', மறுபடியும் கை. அவர் பெட்ரோல் போடும் ஓர் எண்ணெய்க் கடையில் காரை நிறுத்தி, என்னைக் கழிவறை வரைக்கும் கூட்டிப்போய் வாசலில் காவல் நின்றார்.

பட்டறை வாசலில் அம்மா அழுதுகொண்டிருந்தார்; பக்கத்துக் கடைக்காரர்களெல்லாம் கூடியிருந்தார்கள். அப்பாவின் முகத்தில் ரத்தம் இல்லை. "போர்மேன், காடியில ஒங்க சாமான் ஒண்ண விட்டுட்டீங்க" என்றார் அங்கிள். என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார் அப்பா. பிறகு என் காதருகில் மெதுவாகக் கேட்டார்: "சத்தம் வந்துச்சா?" வலது கையைத் தூக்கிக் காட்டினேன். அதை அம்மா பார்த்துவிட்டதால், இருவரிடமும் அவர் மூன்று நாள் பேசவில்லை.

அன்றிலிருந்து யாருக்குச் சாவி கொடுத்தாலும் முதலில் பின்கதவைத் திறந்து பார்ப்பது பட்டறை வழக்கமாகிவிட்டது. நான் கல்யாணமாகி, வேலைக்குப் போய், ஒரு பெண்ணுக்குத் தாயான பிறகும் பார்த்தார். பட்டறை மூடிய கடைசி நாளில், கடைசிக் காரின் பின்கதவையும் திறந்து, உள்ளே எட்டிப் பார்த்து, மெதுவாகச் சாத்திவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தார்.

இதெல்லாம் அன்று நெரிசலில் வரிசையாக நினைவுக்கு வந்து என்னை இன்னும் கலக்கியது. கிள்ளானை அடைந்ததும் முதலில் பழைய பட்டறைக்குத்தான் ஓடினேன். கைப்பேசி உறைக் கடைப் பெண், "இன்னிக்கு வரலியே" என்றாள். அப்படியென்றால் மற்ற நாட்களில் வருகிறார். ரொட்டிக் கடை, கோயில், மருத்துவமனை என்று சுற்றிவிட்டு ஏழு மணிக்கு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன். காவல் நிலையத்துக்குக் கொடுக்க அப்பாவின் புகைப்படம் ஒன்றை அம்மா தேடிக்கொண்டிருந்தார். ஒரு படத்தில்கூட முகம் நேராக இல்லை. எல்லாவற்றிலும் தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போது தெருமுனையில் 'கடகட'வென்று ஒரு சத்தம். இந்தத் தெருவில் அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது! இப்போது கார்கள் குறையைத் திரையில் எழுதிக் காட்டிவிடுகின்றன. பின்னிருக்கையில் யாரும் படுப்பதில்லை, என் மகளை இருக்கை வாரைப் போடாமல் நானே உட்கார விடமாட்டேன். ஒரு பழைய சிவப்புக் கார் ஆடி ஆடி வந்து எங்கள் வாசலில் நின்றது. ஓட்டிவந்தவள் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பார்க்கும் ஓர் இளம்பெண். அவள் பக்கத்தில், மடியில் ரொட்டியோடு அப்பா.

அவள் இறங்கி ஓடிவந்தாள். "அக்கா, சோரி, சோரி! சிக்னல்ல அங்கிள் கண்ணாடியத் தட்டினாரு, நான் பயந்து டோரெல்லாம் லாக் பண்ணிட்டேன். வெளிய நின்னுக்கிட்டே சொல்றாரு, 'மா, வளைக்கிறப்ப மட்டும் சத்தம் வருது, மழை பேஞ்சா வராது, சரியா?' எனக்குப் புல்லரிச்சிடுச்சி! ரெண்டு பட்டறைல ஒண்ணும் இல்லன்னு திருப்பி விட்டுட்டாங்க, தெரியுமா? அதான் ஏத்திக்கிட்டேன். மூணு தடவ காப்பார் போயிட்டு வந்துட்டோம்."

"ஒரு ரொட்டி வாங்க காப்பாரா?" என்று அம்மா கத்தினார்.

அப்பா அம்மாவைப் பார்க்கவில்லை; அதற்குத் தைரியம் போதவில்லை என்று நினைக்கிறேன். கண்ணாடியை இறக்கி, என்னை மட்டும் பார்த்தார்.

"பாப்பா, பின்னால ஏறு. இந்தப் பொண்ணு இடதுங்குது, நான் வலதுங்குறேன்" என்றவர், கொஞ்சம் நிறுத்திச் சொன்னார்:

"இந்தத் தடவ தூங்கிடாத."