மை தீர்ந்துபோன பேனா

என் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, சோமனூரில் நான்கு தறி வைத்திருந்தார். சட்டைப் பையில் எப்போதும் தங்க நிற மூடி போட்ட மைப்பேனா மின்னும். பள்ளிக்கூடம் போகாதவர்தான். ஆனாலும் சொந்த முயற்சியில் கற்றுக்கொண்டு நிறைய எழுதுகிறார் என்று அம்மா நம்பினாள். தபால் நிலையத்தில் யார் பேனா கேட்டாலும் அவர் சொல்லும் பதில் ஒன்றே: "மை தீந்துபோச்சுங்க." எழுதாமல் மை எப்படித் தீரும்?

பேனாவைத் திறக்க யாருக்கும் அனுமதி இல்லை. முள் கெட்டுவிடுமாம்.

அவர் போன பிறகு வீடும் தறிகளும் மாமாவுக்கு ஆயின. உனக்கு என்ன வேண்டும் என்று மாமா கேட்டதற்கு அம்மா பேனாவைக் கேட்டாள். அன்று முதல் விசேஷத்துக்கு விசேஷம் அத்தை சிரிப்பாள்: "சொத்தக் கேளும்மான்னா பேனாவக் கேட்டவங்க!" அம்மா திருப்பூர் பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டிக்கொண்டே, அந்தச் சிரிப்புக்கு ஒரு பதிலைத் தேடிக்கொண்டிருந்தாள்.

போன வருடம் மாமா போனில் அழைத்தார். பழைய பேனாக்கள் லட்சக்கணக்கில் விலை போவதாக ஏதோ வீடியோ பார்த்திருக்கிறார். "ஞாயித்துக்கெழம வர்றன் அம்மிணி. அப்பன் பேனால எனக்கும் பாதி உண்டல்லோ?"

அம்மாவுக்குக் கோபமே வரவில்லை. முகம் மலர்ந்துவிட்டது. "கண்ணு, நீதான படிச்சவ. அது என்ன பேனா, என்ன வெல போகும்னு பாத்துச் சொல்லு. உன்ற அத்தைக்கு நான் ஒரு தடவையாச்சும் பதில் சொல்லோணும்."

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான், பட்டமும் வாங்கியிருக்கிறேன். யாரும் கேட்காவிட்டாலும் இதை நான் சொல்லிவிடுவேன். ஆகவே பேனாவை நான் வேலை பார்க்கும் துணி ஏற்றுமதி கம்பெனிக்குக் கொண்டுபோனேன். மூடியைத் திருகிப் பார்த்தேன், அசையவே இல்லை. துணியில் இழை எண்ணும் லென்ஸை வைத்து மூடியின் கொக்கியில் தேய்ந்திருந்த எழுத்துகளைப் படித்தேன். வெளிநாட்டுப் பேனா! இணையத்தில் படம் தேடினேன். மூடி அச்சு அசலாகப் பொருந்தியது. உடல் பொருந்தவில்லை. துணி எடை பார்க்கும் தராசில் வைத்தால், இருக்க வேண்டிய எடையும் இல்லை. துணியாக இருந்திருந்தால் அப்போதே ரிஜெக்ட் செய்திருப்பேன். சொந்தப் பேனா என்பதால் தராசைச் சந்தேகித்தேன்.

கோவையில் பழைய பேனாக்களைச் சரிசெய்யும் கடைக்காரர் ஒருவர் அதை வெந்நீரில் நனைத்து மெல்லத் திருகினார். மூடி கழன்றது. உள்ளே முள் இல்லை. பேனாவின் உடல் என்று நினைத்தது கறுப்புப் பெயின்ட் அடித்த ஒரு மரக்குச்சி.

அவர் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றார். "நல்ல மூடிம்மா. தங்கத் தகடு. மூடியத் தொலைச்சவன் யாராவது வந்தா நல்ல வெல கொடுப்பான். ஊர்ல எல்லாரும் மூடியத்தான் தொலைப்பாங்க. உங்க தாத்தா பேனாவையே தொலைச்சிருக்காரே!"

"எப்படிங்க?"

"யாரோ எரவல் கேட்டிருப்பாங்க. திரும்பி வரட்டும்னு மூடியக் கையில வச்சுக்கிட்டுக் கொடுத்திருப்பாரு. வாங்குனவன் வரவே இல்ல."

வீட்டுக்கு வந்து இரண்டு துண்டுகளையும் அம்மாவின் உள்ளங்கையில் வைத்தேன். என் வாயால் சொல்லத் தைரியம் வரவில்லை. அம்மா மூடியைப் பார்க்கவே இல்லை. குச்சியை விரலால் உருட்டினாள்.

"இது தார்க்குச்சியல்லோ! இதுல நூல் சுத்தித்தான் தறியில குறுக்க ஓடுற நாடாக்குள்ள போடுவோம். சின்ன வயசுல எத்தன சுத்தியிருப்பேன்!"

படித்த நான் மூடியைக் கண்டுபிடித்தேன். மீதியைக் கண்டுபிடித்தது அம்மா.

குச்சியை மூடிக்குள் செருகிப் பார்த்தாள். பிறகு, "அப்பன் எழுதவே இல்லியா?" என்றாள். இல்லை என்று தலையாட்டினேன். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்து நெருங்கினேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். "மை தீந்துபோச்சாமா, மை!"

ஞாயிற்றுக்கிழமை மாமாவும் அத்தையும் வந்தார்கள். காப்பி குடித்து முடிக்கும்வரை அம்மா பொறுத்திருந்தாள்.

"பாதி உங்களுதுதானுங்ணா. நான் ஏமாத்துவனா?" என்று குச்சியை எடுத்து மாமாவின் கையில் வைத்தாள். "தறியெல்லாம் நீங்க எடுத்துக்கிட்டீங்க. தார்க்குச்சி தறியோட சேந்ததுங்ணா. மூடி என்ற பங்கு. தங்கத் தகடாமா, நல்ல வெல போகுமாமா. படிச்ச புள்ள பாத்துச் சொல்லிருச்சு." பிறகு அத்தை பக்கம் திரும்பினாள். "ஏனுங்க அண்ணி, பேனாவக் கேட்டது தப்புங்களா?"

அத்தை காலி டம்ளரை மறுபடியும் குடித்தாள். மாமா குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்: "இது வேற யாருக்காச்சும் தெரியுமா அம்மிணி?"

இரண்டு மாதம் கழித்து மாமாவின் புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். கூடத்துக் கண்ணாடி அலமாரியில் அப்புச்சியின் படம். அதன் முன்னால் பட்டுத்துணி மேல் ஒரு பேனா. தார்க்குச்சிக்குப் போட்ட புது மூடி பளபளத்தது. "எங்க மாமனார் எழுதுன பேனாங்க" என்று அத்தை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தாள்.

வெள்ளகோவிலிலிருந்து வந்த விருந்தாளி ஒருவர் மொய்க் கவரில் பெயர் எழுதப் பேனா தேடினார். அலமாரியைக் காட்டி, "அதையே எடுங்களே, பெரியவர் கையெழுத்துப் போட்ட பேனா, ராசியா இருக்கும்" என்றார்.

மாமா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "மை தீந்துபோச்சுங்க."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் கைப்பையிலிருந்து என் பேனாவை எடுத்தேன். அப்புச்சியின் மூடிக்கு அளவான உடலொன்றைக் கடைக்காரர் தேடிப் பொருத்திக் கொடுத்திருந்தார், நன்றாக எழுதும். விருந்தாளியிடம் நீட்டினேன், மூடியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு. மாமா அதைப் பார்த்தார். உடனே புது வீட்டின் கூரையைப் பார்க்கத் தொடங்கினார்.