நோன்புத் தலைவலி என்று நினைத்தோம்

முதலில் வந்தது தலைவலி. எங்கள் வீட்டுக்கு அது புதிதல்ல. ஒவ்வொரு ரமலானிலும் நோன்பு தொடங்கிய முதல் சில நாட்கள், அஸர் நேரத்தில் (பிற்பகல் தொழுகை நேரம்) எனக்கு மண்டை பிளக்கும். காபிக்குப் பழகிய தலை காபி கேட்கிறது, அவ்வளவுதான். பிறகு தானே அடங்கிவிடும். அதற்கு நோன்புத் தலைவலி என்றே எங்கள் வீட்டில் பெயர். அதற்காக யாரும் டாக்டரிடம் போனதில்லை.

ஆகவே டீடாக்ஸ் முகாமில் (உடம்பின் கழிவை வெளியேற்றுவதாகச் சொல்லும் உணவுக் கட்டுப்பாடு) சேர்ந்து, காபியை நிறுத்தி, எனக்குத் தலைவலி வந்தபோது வீட்டில் ஒருவரும் பதறவில்லை. நானும் பதறவில்லை. அப்படியொரு முகாமில் இருந்துகொண்டு காபி குடிக்கலாமா கூடாதா என்று இப்போது யாராவது தவித்துக்கொண்டிருந்தால், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கோபம் இன்னும் தீரவில்லை. அதை மறைத்துக்கொண்டு எழுத எனக்குத் தெரியாது.

திருத்துறைப்பூண்டியில் என் கணவர் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். துபாயில் பல வருடம் இருந்துவிட்டு வந்து தொடங்கிய கடை. என் தங்கை ஜமீலா இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். எனக்கு ஹைப்பர்டென்ஷன் (உயர் இரத்த அழுத்தம்), அவளுக்குச் சர்க்கரை. எங்கள் அத்தாவுக்கு (அப்பாவுக்கு) இரண்டும் இருந்தன. ஆளுக்கொன்றாகப் பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று நாங்கள் சொல்லிச் சிரிப்போம்.

அத்தா விட்டுப்போன நிலமும் உண்டு. வாய்க்காலின் கடைமடையில், இரண்டு பேருக்கும் பொதுவாக. அந்த வழியாக எண்ணெய்க் குழாய் பதிக்க வேண்டும் என்று வந்து கையெழுத்துக் கேட்டார்கள். வந்தவர்கள் மரியாதையாகப் பேசினார்கள். போட்டுக் கொடுத்துவிடலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஜமீலா மாட்டவே மாட்டேன் என்றாள். குழாயை எதிர்த்து ஊர் பந்தல் போட்டு உட்கார்ந்தபோது அவளும் போய் உட்கார்ந்தாள். ஆட்சியில் இருந்த கழகம் பேசிப் பார்க்கலாம் என்றது. எதிரே இருந்த கழகம், நாங்கள் வந்தால் குழாயே இருக்காது என்றது. பிறகு அவர்கள் வந்தார்கள், குழாயும் இருந்தது.

கையெழுத்துப் போட்ட பக்கத்து வயலில் அந்தக் குழாய் உடைந்தது. கதிர் பால் பிடிக்கிற நேரம். எண்ணெய் பரவிப் பயிர் கறுத்துப் போனதை வரப்பில் நின்று பார்த்தேன். எங்கள் வயல் தப்பியது ஜமீலாவால்தான். அன்றிலிருந்து அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஆகிவிட்டேன். என் உடம்பையும் அவளை நம்பிக் கொடுத்தது அப்படித்தான்.

குழாய் உடைந்த பிறகு அதே பந்தலுக்குப் பேச வந்தவர்தான் முகாம் நடத்தியவர். மண்ணில் விஷம், தண்ணீரில் விஷம், நீங்கள் தின்கிற அரிசியிலும் விஷம் என்றார். கறுத்த வயலைப் பார்த்துவிட்டு வந்திருந்த எங்களுக்கு அதை நம்புவது கஷ்டமாக இல்லை. பிறகு ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார். ஜமீலா எங்கள் பகுதிக்குப் பொறுப்பாளர் ஆனாள். முதல் ஆளாக என்னைச் சேர்த்தாள்.

வீட்டில் இருந்தபடியே, காலையில் வாழைத்தண்டுச் சாறு, பகலில் காய்கறி வேகவைத்த தண்ணீர், மாலையில் கொள்ளுக் கஞ்சி. காபி, டீ, சீனி கிடையாது. ஆங்கில மருந்தும் கிடையாது. அது கல்லீரலுக்குச் சுமையாம். பிரஷர் மாத்திரையை எப்படி விடுவது என்று ஜமீலாவிடம் கேட்டேன். கேட்காமல் விட்டேன் என்று நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது.

“நானும்தான் சர்க்கரை மாத்திரைய விட்டுட்டேன் லாத்தா,” என்றாள். அக்காவை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். “என்னப் பாரு, எப்படி இருக்கேன்.”

பார்த்தேன். முகம் தெளிவாக, நடை சுறுசுறுப்பாக இருந்தாள். மாத்திரை அட்டையை எடுத்து அலமாரியில் துணிக்கு அடியில் வைத்தேன்.

வீட்டில் அதற்குப் பிறகு நடந்த சண்டை எல்லாம் காபியைப் பற்றித்தான். தலைவலி தொடங்கியதும் என் கணவர் டிக்காஷன் இறக்கி, அரை டம்ளர் காபியோடு வந்து நிற்பார். நோன்பு என்றால் மஃரிபுக்குத் (சூரியன் மறைந்ததும் வரும் தொழுகைக்கு) திறந்துவிடலாம், இவர்கள் நோன்புக்குத் திறப்பே கிடையாதா என்று கிண்டல் செய்வார். ஜமீலா வந்தால் டம்ளரை முதுகுக்குப் பின்னால் ஒளிப்பார். அவள் மோப்பம் பிடித்துவிடுவாள். ஒரு வாய் உள்ளே போனாலும் இத்தனை நாள் செய்தது வீண் என்பாள். மச்சானுக்கும் கொழுந்தியாளுக்கும் நடுவில் நான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சிரிப்பாகக்கூட இருந்தது.

மாத்திரையைப் பற்றி அவர் கேட்கவில்லை. நோன்புக் காலத்தில் சஹர் சாப்பாட்டோடு (விடியலுக்கு முன் உண்பது) நான் மாத்திரையைப் போட்டுக்கொள்வது வழக்கம். ஒரு நாளும் தவறியதில்லை. இப்போதும் அப்படித்தான் போடுகிறேன் என்று இருந்துவிட்டார். பட்டினியும் தெரிந்த பட்டினி, தலைவலியும் தெரிந்த தலைவலி. வேறு எதையும் யோசிக்க எங்களுக்குத் தோன்றவில்லை.

நோன்புத் தலைவலி போகிற நாள் வந்தும் இது போகவில்லை. பிடரியிலிருந்து ஏறி வலது கண்ணுக்குப் பின்னால் குத்தியது. ஜமீலா முகாம்காரருக்குப் போன் செய்தாள். விஷம் வெளியேறும் அறிகுறி, சந்தோஷப்படுங்கள், தப்பித்தவறிக் காபி மட்டும் குடித்துவிடாதீர்கள் என்றாராம். என்னோடு அவர் பேசவே இல்லை.

அன்று அஸருக்கு ஒளு (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவது) செய்ய உட்கார்ந்தேன். வலது கையில் தண்ணீர் சில்லென்று இருந்தது. இடது கைக்கு மாற்றினேன். தண்ணீர் விழுவது கண்ணுக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை. குழாயை இன்னும் திறந்தேன். எழுந்திருக்கப் பார்த்தபோது இடது கால் என்னோடு எழவில்லை. விழுந்த சத்தம் கேட்டு, வீட்டுக்கு வந்திருந்த ஜமீலாதான் முதலில் ஓடிவந்தாள்.

தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் வலது பக்கத்தில் ஹெமரேஜ் (இரத்தக்கசிவு). பிரஷர் தாங்காமல் சிறு இரத்தக்குழாய் ஒன்று உடைந்திருந்தது. டாக்டர் ஓர் இளம் பெண். எனக்கு நினைவு இருந்தது, பேச்சு குழறியது. எந்த மாத்திரை சாப்பிடுகிறேன் என்று கேட்டார். விட்டுவிட்டேன் என்றேன். ஏன் என்றார். பதில் சொல்ல ஜமீலாவைத் தேடினேன்.

அவள் கட்டிலருகே நின்று அழுதுகொண்டிருந்தாள். திடீரென்று வேர்த்து, தள்ளாடி, நாற்காலியைப் பிடித்தாள். டாக்டர் அவள் பக்கம் திரும்பி, உங்களுக்கு என்ன செய்கிறது, சர்க்கரை இருக்கிறதா, மருந்து ஏதும் எடுத்தீர்களா என்று கேட்டார்.

“சர்க்கரை மாத்திரை போடுவேன் டாக்டர். காலைல போட்டது, அப்புறம் ஒண்ணும் சாப்பிடல.”

“தினமும் போடுறீங்களா?”

“ஒரு நாளும் விட்டதில்லங்க.”

எனக்குப் பாதி உடம்புதான் மரத்துப் போயிருந்தது. காது நன்றாகக் கேட்டது. அவளை உட்காரவைத்து, குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தார்கள். என் தங்கை அதைக் குடிப்பதைப் படுத்தபடியே பார்த்தேன். என் உயிரைப் பற்றிய பயம்கூட அந்த நேரத்தில் ஒதுங்கிக்கொண்டது. அவ்வளவு வலித்தது.

கசிவு சிறியது, அறுவை சிகிச்சை வேண்டாம் என்றார்கள். பிசியோதெரபி (உடற்பயிற்சி மருத்துவம்) மாதக்கணக்கில் நடந்தது. கால் திரும்பியது, கொஞ்சம் இழுக்கும். கை அசைகிறது, பிடிக்கிறது. ஆனால் தொட்டால் தெரிவதற்குத் தாமதமாகிறது. சூடான பாத்திரத்தை இடது கையால் எடுக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். எங்களுக்கோ பாத்திரக்கடை.

டாக்டரிடம் ஒருநாள் காபியைப் பற்றிக் கேட்டேன். அளவாகக் காபி குடிப்பதால் இப்படி ஆகாது, குடிக்காததாலும் ஆகவில்லை, காபியைத் திடீரென்று நிறுத்தினால் தலை வலிக்கும், சில நாளில் போய்விடும் என்றார். பிறகு, “நீங்க எல்லாரும் காபியப் பத்தியே பேசிக்கிட்டு இருந்திருக்கீங்கம்மா,” என்றார். ஆகவே, காபி குடிக்கலாமா என்று கேட்கிறவர்களே, அதை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். அதற்கு முன் உங்கள் மாத்திரை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அதை விட்டுவிடு என்று சொல்கிறவர் முன்னாலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அவர் உங்கள் கூடப்பிறந்தவராக இருந்தாலும்தான்.

ஜமீலா வெகுநாள் கழித்து வந்தாள். முகாம்காரர் ஊரை விட்டுப் போய்விட்டார் என்றாள். அவரைப் பற்றி நான் கேட்கவில்லை. ஏன் அப்படிச் செய்தாய் என்று மட்டும் கேட்டேன்.

“நானும் விடத்தான் பாத்தேன் லாத்தா. பயம் வந்துடுச்சு. எங்கயாவது மயங்கி விழுந்துடுவேனோன்னு.” முக்காட்டு நுனியை விரலில் சுற்றினாள். “ஒனக்கு ஒண்ணும் ஆகாதுன்னுதான் நெனச்சேன். சத்தியமா.”

பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. அதுதான் தாங்கவில்லை. அவளுக்கு வந்த பயத்தில் ஒரு துளி எனக்காகவும் வந்திருக்கக்கூடாதா? நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திரும்பியபோது அவள் என் இடது கையைப் பிடித்திருந்தாள். இரண்டு கைகளாலும், இறுக்கமாக. கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். விலக்கவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டு, அவள் கையை எடுத்துக்கொண்டு, முக்காட்டைச் சரிசெய்து எழுந்தாள். அவள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோதுதான் அவள் கைச் சூடு என் கைக்கு வந்து சேர்ந்தது.