பிரிக்காமல் வாங்கிய புத்தகம்

கிரீஸ் காய்ந்த துணியும் நெத்திலிக் கருவாடும் ஒன்றாகக் கிடந்தால் என்ன வாடை அடிக்குமோ, அதுதான் என் பதினோராம் வயதின் வாடை. யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்களை ஏலம் போட்டபோது, அப்பா ஒரு பழைய ஜீப்பை வாங்கி வந்து தூத்துக்குடியில் எங்கள் வீட்டு முற்றத்தில் நிறுத்தினார். அவர் மீன் வியாபாரி. மாட்டு வண்டிச் சக்கரம் புதைகிற கடற்கரை மணலில், நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் இந்தப் ‘பட்டாளத்து வண்டி’ போய்வந்தால் மீன் கெடுவதற்குள் டவுனுக்கு வந்து சேரும் என்று நினைத்தார். வண்டி வேலை அவருக்குத் தெரியாது. கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நம்புகிற ஆள். கழற்றினார், திரும்ப மாட்ட வரவில்லை.

அதனால் புத்தகம் தேவைப்பட்டது. மதர்மார் என்று நாங்கள் சொல்லும் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் நான் ஆறாம் வகுப்பு, அன்று அதை ‘முதல் பாரம்’ என்போம். வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். டீச்சராக வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது அப்பாவுக்கும் தெரியும். “நீ வாசிச்சுச் சொல்லு, நான் மாட்டுதேன்” என்று துறைமுகத்துப் பக்கம் இருந்த பழைய சாமான் கடைக்கு என்னையும் கூட்டிப் போனார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கடைக்காரர் இரண்டு புத்தகங்களை எடுத்துப் போட்டார். ஒன்று செங்கல் கனம், மற்றது ஒல்லி. ஒல்லிப் புத்தகத்தின் அட்டையில் இருந்த எழுத்தும் நம்பரும் எங்கள் ஜீப்பின் தகட்டில் நான் தினமும் பார்த்தவை. தடித்ததில் லாரி என்று இங்கிலீஷில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

அப்பா முத்துச்சிப்பி ஏலத்தில் புரண்டவர். எங்கள் கரையில் சிப்பியைப் பிளந்து பார்த்து வாங்குகிற வழக்கம் கிடையாது. மூடிய சிப்பியைக் குவித்துக் ‘கூறு’ வைத்து ஏலம் விடுவார்கள். முத்தும் வரலாம், நாறுகிற சதை மட்டுமே மிஞ்சலாம். கையில் அள்ளிக் கனம் பார்ப்பதோடு சரி. இளவயதில் அப்படி எடுத்த ஒரு கூறில் அவருக்கு நல்ல முத்து கிடைத்ததாம், அன்றிலிருந்து தன் கை தப்பாது என்ற நினைப்பு. இரண்டு புத்தகங்களையும் உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தார்.

“பிரிச்சுப் பாத்து எடுங்க, அண்ணாச்சி” என்றார் கடைக்காரர்.

“சிப்பியப் பொளந்து பாத்தா யாவாரம் பண்ணுதோம்?”

“அப்பா, நம்ம வண்டி நம்பரு இந்தச் சின்னதுலதான் இருக்கு” என்றேன்.

“ஏளா, சும்மா இரி. யாவாரத்துல குறுக்க பேசப்படாது.”

வாசிப்பதற்கென்று கூட்டிப்போன என்னை அட்டையைக்கூட வாசிக்க விடவில்லை. தடித்த புத்தகம் வீட்டுக்கு வந்தது.

பள்ளிக்கூடம் விட்டதும் ஜீப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தேன். “ஆறு பிளக்கையும் கழத்தணும்னு போட்டிருக்கு.” அப்பா எஞ்சினில் எண்ணினார், நாலுதான் இருந்தது. “நாலு. ஒழுங்கா வாசி.” மறுபடியும் ஆறு என்றேன். லாரிக்கு உண்டான பலத்தில் முறுக்கச் சொல்லியிருந்தது. அப்பா முறுக்கினார், போல்ட் தெறித்து முறிந்தது. அதற்குப் பிறகு அந்த எஞ்சின் உயிர் பிடிக்கவே இல்லை.

முறிந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் என்னைத்தான் பார்த்தார். “ஒரு புஸ்தகம் வாசிக்கத் தெரியல. மதர்மாரு என்னத்த இங்கிலீசு படிச்சுக் குடுத்தாளுவ? இனி அங்கன போவாண்டாம்.”

“அவ உள்ளத உள்ளபடிதான வாசிக்கா” என்றாள் அம்மா. அப்பா அவள் பக்கம் திரும்பவே இல்லை. தப்பான புத்தகம் என்று அவருக்குத் தெரிந்திருக்கும் என்றே இப்போது நினைக்கிறேன். தன் கை தப்பியது என்று ஒப்புக்கொள்வதைவிட என் படிப்பை நிறுத்துவது அவருக்குச் சுலபமாக இருந்தது. அதை நான் மன்னிக்கவில்லை, அவர் சவப்பெட்டிக்குள் கிடந்த நாளில்கூட.

ஜீப் துண்டு துண்டாகப் பழைய இரும்புக்குப் போனது. அந்த மணலில் இன்று தார்ரோடு ஓடுகிறது. இந்த ஊர்ப் பிள்ளைகள் சிப்பிக் கூறைக் கண்ணால் பார்த்ததில்லை. தடித்த புத்தகம் மட்டும் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அகராதி வைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை வாசித்து முடித்தேன். ஆறு என்றுதான் போட்டிருக்கிறது. ஆனாலும் வீட்டுக்கு இங்கிலீஷில் ஒரு கடுதாசி வந்தால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என்னைத் தாண்டிப் பேரன் கையில்தான் கொடுக்கிறார்கள்.